தட்டை மூக்குக் குண்டும் மிஃராத் ஹதீஸும்



தமிழகத்தில் இதை வாசிக்கும் சகோதரர்களுக்கு வேட்டை என்பது கிதாபில் மட்டும் எஞ்சியிருக்கும் பாடம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் மானைச் சுடுவது சிறைக்குரிய குற்றம். ஆகவே மத்ரஸாவில் ‘ஸைத்’ பாடம் வரும்போது உஸ்தாதுமார்கள் அதை விரைந்து கடந்து விடுவார்கள். ஒஹாயோ மாநிலத்தில் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்து வரும் எனக்கு அந்தப் பாடம் உயிரோடு எதிரே வந்து நின்றது. இங்கே உரிமம் பெற்றவர்கள் குறித்த பருவத்தில் மான் வேட்டையாடுவது சட்டப்படி நடக்கும் சாதாரணச் செயல். அந்த இறைச்சியை விற்க முடியாது. ஆனால் அன்பளிப்பாக யாருக்கும் கொடுக்கலாம்.

எங்கள் ஜமாஅத்தில் ஒரு முதியவர் இருக்கிறார். லேத் பட்டறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். முப்பது ஆண்டுகளுக்கு முன் இஸ்லாத்தைத் தழுவியவர். அவருடைய பேரப்பிள்ளைகள் இருவர் என்னிடம் குர்ஆன் ஓதுகிறார்கள். சிறு வயது முதல் வேட்டையாடிப் பழகியவர். ஓராண்டு தாம் வேட்டையாடிய இரண்டு மான்களின் இறைச்சியை நோன்புக் காலச் சமையலுக்குத் தர விரும்புவதாக நிர்வாகத்தாரிடம் சொன்னார். உடனே கருத்து வேறுபாடு எழுந்தது. பாகிஸ்தானியச் சகோதரர்கள் ஹனஃபி மத்ஹபின்படி துப்பாக்கிக் குண்டால் செத்தது ஆகாது என்றார்கள். மொராக்கோச் சகோதரர் ஒருவர் தங்கள் ஊரில் காலங்காலமாக உண்கிறார்களே என்று வியந்தார். சோமாலியக் குடும்பங்கள் என் முகத்தைப் பார்த்தன. அவர்களும் என்னைப் போல ஷாஃபிஈகள். அந்த முதியவரோ யார்மீதும் வருத்தம் கொள்ளாமல் என்னிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டார்.

“உஸ்தாத், குத்தினால் உண்ணலாம், அகலப்பக்கத்தால் அடித்தால் உண்ணக் கூடாது என்று ஹதீஸ் பாடத்தில் நீங்கள் சொன்னீர்கள். நான் வார்க்கும் ஈயக்குண்டின் மூக்கு தட்டையானது. அது குத்துகிறதா, அடிக்கிறதா?”

அவர் சுட்டிய ஹதீஸ் அதீ இப்னு ஹாதிம் (ரலி) அவர்களுடையது; புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. அவர் வேட்டைப் பிரியர். ‘மிஃராத்’ எனப்படும், இறகு கட்டாத வேட்டைக் கோலைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார். அதன் கூர்முனை பிராணியைத் துளைத்தால் உண்ணலாம் என்றும், குறுக்காகப் பட்டு அந்த அடியால் செத்திருந்தால் அது அடிபட்டுச் செத்ததன் சட்டத்தில் சேரும், உண்ணலாகாது என்றும் விடை கிடைத்தது. அடிபட்டுச் செத்ததைத் தடுக்கும் இறைவசனம் அல்மாயிதா அத்தியாயத்தின் மூன்றாம் வசனம் என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

வெடிமருந்து வந்த பிறகு அறிஞர்கள் இந்த ஹதீஸின் இரு பக்கத்திலும் நின்றார்கள். திமிஷ்கின் இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள் ஈயக்குண்டுக்குக் கூர்விளிம்பு இல்லை, அது எரிப்பதாலும் வேகத்தோடு வந்து மோதும் பளுவாலும் கொல்கிறது என்று காரணம் கூறி ஆகாது என்றார்கள். யமனின் ஷவ்கானீ (ரஹ்) அவர்களோ குண்டு உடலைத் துளைத்துச் செல்கிறது, ஆகவே ஆகும் என்றார்கள். பிற்கால மாலிகி அறிஞர்களில் பலர் ஆகும் என்ற பக்கம் சாய்ந்தார்கள். நம் ஷாஃபிஈ மத்ஹபின் பிற்கால நூல்களில் தடுக்கும் கூற்றே மேலோங்கி நிற்கிறது. இவர்களில் முதல் இருவரும் சமகாலத்தவர்கள். ஷவ்கானீ ஹிஜ்ரி 1250இலும் இப்னு ஆபிதீன் 1252இலும் மறைந்தார்கள். அவர்கள் காலத்துப் போர்த்துப்பாக்கியில் பெரும்பாலும் இருந்தது கோலிக்குண்டு போன்ற உருண்டை ஈயம். நீண்ட வடிவக் குண்டைப் படைகளில் பரவச் செய்த பிரெஞ்சுக்காரர் மினியேயின் வடிவமைப்பு 1840களின் இறுதியில்தான் வந்தது. அதை அவர்கள் இருவருமே கண்டதில்லை.

ஆக, முதியவரின் கேள்விக்கு விடை நூலில் பாதியும் அவருடைய பட்டறையில் பாதியும் இருந்தது. நான் போய்ப் பார்த்தேன்.

வீட்டுக்குப் பின்னால், இரு பக்கமும் கதவு திறந்த ஒரு கொட்டகை. அங்கே ஒரு மின் உலையில் ஈயம் உருகிக் கொண்டிருந்தது. ஈயம் 327 பாகை செல்சியஸில் உருகும். வார்ப்பதற்கு அதற்கும் மேலே கொண்டு போகிறார்கள். தூய ஈயம் மிகவும் மென்மையானது. அதனால் ஆண்டிமனியும் வெள்ளீயமும் கலக்கிறார்கள். ஆண்டிமனி கடினத்தைத் தரும். வெள்ளீயம் உருகிய உலோகம் அச்சின் மூலைவரை சென்று நிரம்ப உதவும். கார்ச் சக்கரங்களைச் சமன்படுத்த ஒட்டும் பழைய எடைக்கட்டிகள் ஒரு காலத்தில் இவர்களுடைய சுரங்கம். இப்போது அவற்றில் துத்தநாகமும் இரும்பும் வந்துவிட்டன. துத்தநாகம் கலந்துவிட்டால் வார்ப்பு கெட்டுவிடும் என்பதால் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பொறுக்குகிறார். பழைய அச்சகங்களின் லினோடைப் உலோகமும் ஒரு பெட்டியில் இருந்தது. அதில் ஏறக்குறைய 12 விழுக்காடு ஆண்டிமனியும் 4 விழுக்காடு வெள்ளீயமும் உண்டு. ஒரு காலத்தில் செய்தித்தாளின் எழுத்துகளாக இருந்த உலோகம்!

உலைக்கு அருகே தண்ணீர்ப் பாத்திரம் எதையும் அவர் வைப்பதில்லை. ஒரு துளி நீர் உருகிய ஈயத்தின் அடியில் சிக்கினால் நொடியில் ஆவியாகி ஈயத்தை முகத்தில் வாரி இறைக்கும். கண்ணாடி, தடித்த கையுறை, முழுக்கைச் சட்டை, அந்த வெப்பத்திலும்.

அவரிடம் இருப்பது லீவர் ஆக்ஷன் ரைஃபிள். விசைக்குக் கீழே உள்ள வளையத்தை முன்தள்ளி இழுத்தால் வெற்றுக்கூடு வெளியே விழுந்து அடுத்த தோட்டா உள்ளே ஏறும். அது உண்பது .44 மேக்னம் என்னும், 1955இல் கைத்துப்பாக்கிக்கென வந்த தோட்டாவை. கைத்துப்பாக்கித் தோட்டாவை நீண்ட துப்பாக்கியில் இடுவது இங்கே பழைய வழக்கம். வின்செஸ்டர் நிறுவனத்தின் 1873 மாடல் ரைஃபிளின் .44-40 தோட்டாவுக்கு ஏற்ற கைத்துப்பாக்கியைக் கோல்ட் நிறுவனம் சில ஆண்டுகளில் கொண்டு வந்தது. குதிரையில் போகிறவன் இடுப்புக்கும் தோளுக்கும் ஒரே தோட்டாவைச் சுமந்தால் போதும். ஒஹாயோவில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வெகுதூரம் பாயும் ரைஃபிள்களை மான் வேட்டைக்கு இந்த மாநிலம் அனுமதிப்பதில்லை. 2014இல்தான் நேர்ச்சுவர்க் கூடு கொண்ட தோட்டாக்களுக்கு வழிவிட்டார்கள்; .357 மேக்னமும் .44 மேக்னமும் அந்த வகையைச் சேர்ந்தவை.

இனி தட்டை மூக்குக்கு வருகிறேன். இந்த ரைஃபிளில் தோட்டாக்கள் குழலுக்குக் கீழே இன்னொரு குழாயில் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் படுத்திருக்கும். ஒரு தோட்டாவின் மூக்கு அதற்கு முன்னால் உள்ள தோட்டாவின் அடிப்பாகத்தைத் தொட்டுக் கொண்டிருக்கும். அந்த அடிப்பாகத்தின் நடுவில்தான் பிரைமர் என்னும் பற்றவைக்கும் குமிழ் இருக்கிறது. கூர்மூக்குக் குண்டை வைத்தால், சுடும்போது ஏற்படும் அதிர்ச்சியில் அது முன்னுள்ளதன் பிரைமரைக் குத்தி, குழாய்க்குள்ளேயே வெடிக்க வைத்துவிடக் கூடும். ஆகவே மூக்கைத் தட்டையாக்கினார்கள். சுடுகிறவனின் கையைக் காப்பதற்காக எழுந்த வடிவம் அது. வேட்டைப் பிராணியைக் கருதி எழுந்ததன்று.

ஆனால் பிராணியின் உடலில் அது என்ன செய்கிறது என்பதே நம் மஸ்அலா. முதியவர் இரண்டு அட்டைகளை எடுத்துக் காட்டினார். உருண்டை மூக்குக் குண்டு பட்ட அட்டையில் துளை கிழிந்து, ஓரங்கள் உள்நோக்கி மடங்கி, குண்டின் அளவைவிடச் சிறிதாகத் தெரிந்தது. தட்டை மூக்குக் குண்டு பட்ட அட்டையில், அலுவலகத்தில் தாளுக்குத் துளையிடும் கருவி போட்டதுபோல் வட்டமாக வெட்டுப்பட்டிருந்தது. உருண்டை மூக்கு சதையை விலக்கித் தள்ளிக் கொண்டு போகும். தட்டையின் விளிம்பு வெட்டிக் கொண்டு போகும் என்று விளக்கினார். 240 கிரெய்ன், அதாவது பதினைந்தரை கிராம் எடையுள்ள கடினமான குண்டு மானின் விலாவில் நுழைந்து மறுபக்கம் வெளியேறிவிடும். நுழைவாயிலிலும் வெளிவாயிலிலும் இரத்தம் பாயும். தோலில் இருந்த இரண்டு துளைகளையும் விரல் வைத்துப் பார்த்தேன்.

இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்களின் சொல்லில் இருந்த இல்லத் ‘விளிம்பு இல்லை’ என்பது. இந்தக் குண்டில் விளிம்பு இருக்கிறது, அது துளைக்கிறது, இரத்தத்தை ஓட்டுகிறது. மிஃராத் ஹதீஸின் முதல் பாதிக்கே இது நெருக்கமானது என்று என் உள்ளம் அமைதி கொண்டது. நான் முஃப்தி அல்லன். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவன். ஆயினும் ஷவ்கானீயின் காரணம் இந்தக் குண்டுக்குப் பொருந்துகிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. தற்கால அறிஞர்களில் பலரும் துளைக்கும் குண்டை அனுமதிக்கிறார்கள்.

இத்தோடு கேள்வி முடியவில்லை. குண்டு இலக்கில் படாவிட்டால் மான் அடிவயிறு கிழிந்து காட்டுக்குள் ஓடி, இரவெல்லாம் துடித்துச் சாகும். அறுக்கும் கத்தியைத் தீட்டிக் கொள்ளுங்கள், பிராணிக்கு ஆறுதல் அளியுங்கள் என்ற நபிமொழியை நாம் ஈதுல் அள்ஹா தோறும் கேட்கிறோம். இந்தத் தொழிலில் கத்தி தீட்டுவது எது? அவர் ஒரு மென்மையான ஈயத்துண்டைக் குழலுக்குள் தட்டிச் செலுத்தி, மறுபுறம் வெளியேற்றி, உள் வரிப்பள்ளங்களின் விட்டத்தை அளக்கிறார். வார்த்த குண்டு அதைவிட அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கேனும் பெரிதாக இருக்க வேண்டும். சிறிதாக இருந்தால் எரிவாயு பக்கவாட்டில் கசிந்து ஈயத்தை உருக்கிக் குழலில் பூசிவிடும், குறி சிதறும். புதியவர்கள் குண்டு எவ்வளவு கடினம் என்று கவலைப்படுவார்கள், அதைவிட அளவு பொருந்துவதே முதன்மை என்றார். பயிற்சியெல்லாம் காகிதத்திலும் இரும்புத் தகட்டிலும்தான். உயிருள்ளதைக் குறிப்பலகை ஆக்குவது தடுக்கப்பட்டது என்று நான் சொல்லும் முன்பே அவர் அறிந்திருந்தார். தூரம் எழுபது எட்டைத் தாண்டினால் விசையைத் தொடுவதில்லை என்பது அவர் தமக்குத் தாமே வைத்துக் கொண்ட சட்டம்.

வெடிமருந்து எடைபோடும் தராசு என்னை நெடுநேரம் நிறுத்தியது. அளவு கிரெய்ன். சொல்லின் பொருளே தானிய மணி. ஸகாத் பாடத்தில் மிஸ்கால் என்பது 72 வாற்கோதுமை மணி என்று ஓதிக் கொடுக்கிறோமே, அதே குடும்பத்து அளவு. எவ்வளவு மருந்து என்பதை நான் இங்கே எழுத மாட்டேன். அதை மருந்து செய்யும் நிறுவனங்கள் வெளியிடும் அட்டவணையிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். ஆனால் ஓர் ஆபத்தைச் சொல்ல வேண்டும். இந்த நேர்ச்சுவர்க் கூடுகள் பெரியவை. சில வேகமான மருந்துகள் கூட்டில் பாதிகூட நிரம்பாது. கவனம் சிதறி ஒரே கூட்டில் இருமுறை மருந்து கொட்டினாலும் அது வெளியே வழியாது. அந்தத் தோட்டா துப்பாக்கியையே பிளந்துவிடும். ஆகவே அவர் ஐம்பது கூடுகளையும் மரத்தட்டில் நிறுத்தி, கைவிளக்கு அடித்து ஒவ்வொன்றின் உள்ளேயும் மருந்தின் மட்டத்தைப் பார்த்த பிறகே குண்டைப் பொருத்துகிறார். அந்த வேளையில் வானொலி இல்லை, கைப்பேசி இல்லை, பேச்சு இல்லை. நான் சலாம் சொன்னதற்கு ஐந்து நிமிடம் கழித்தே பதில் வந்தது. பொருத்திய பின் கூட்டின் வாயைக் குண்டின் பள்ளத்தில் இறுக மடிக்கிறார். இல்லாவிட்டால் குழாயின் வில் அழுத்தத்தில் குண்டு உள்ளே நழுவும்.

குண்டின் பள்ளங்களில் பூசும் மெழுகைப் பற்றி நான்தான் கேட்டேன். 1857இன் வரலாற்றைப் படித்த இந்திய முஸ்லிம் எவனும் அதைக் கேளாதிருக்க மாட்டான். என்ஃபீல்டு ரைஃபிளின் தோட்டாக் காகிதத்தில் பசுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் பூசப்பட்டதாகப் பரவிய செய்திதான் மீரட்டில் 85 குதிரைப் படையினரை மறுக்க வைத்தது. அவர்கள் சிறையிடப்பட்டதைத் தொடர்ந்து மே 10ஆம் நாள் கிளர்ச்சி வெடித்தது. இன்றும் கரும்மருந்துக்காரர்களின் பழைய பக்குவங்களில் பன்றிக்கொழுப்பு உண்டு. முதியவர் பூசுவது தேன்மெழுகும் ஒரு பெட்ரோலியக் களிம்பும் கலந்தது. நஜீஸான கொழுப்பு இறைச்சிக்குள் பாய்ந்து போவதை நினைத்தே தாம் அதை விட்டதாகச் சொன்னார். யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

என்னைக் கவலையில் ஆழ்த்தியது ஈயம். பிள்ளைகள் உடலில் ஈயத்திற்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலை. மூளை வளர்ச்சியைத் தாக்கும் நஞ்சு அது. உருக்கும் புகையைவிட, கையில் ஒட்டி வாய்க்குப் போகும் தூசியும், சுட்ட கூடுகளைச் சுழற்றித் துலக்கும்போது எழும் தூசியுமே பெரிய வழி. பேரப்பிள்ளைகள் அந்தக் கொட்டகைக்குள் கால் வைக்கக் கூடாது என்று நான் கேட்டுக் கொண்டேன். அவர் கதவுக்கு வெளியே வேலைச் செருப்பு, வேலை உடை, சோப்பு எல்லாம் தனியே வைத்திருப்பதைக் காட்டினார். பிள்ளைகள் எட்டிப் பார்க்கவும் பூட்டிய கம்பிக்கதவு தடுத்தது.

இறைச்சி தனிக் கேள்வி. 2008இல் வட டகோட்டாவில் ஏழைகளுக்கான உணவு நிலையங்களுக்கு வேட்டைக்காரர்கள் அளித்த அரைத்த மான் இறைச்சியில் ஈயத் துணுக்குகள் கண்டறியப்பட்டு, அதை வழங்க வேண்டாம் என்று மாநிலம் அறிவுறுத்தியது. அதிவேக ரைஃபிளின் மென்குண்டு உடலுக்குள் தூள்தூளாகச் சிதறும்; வேகம் குறைந்த, கடினமாக வார்த்த குண்டு பெரும்பாலும் முழுதாகவே வெளியேறும். ஆயினும் எலும்பில் பட்டால் உறுதி சொல்ல முடியாது. கலிபோர்னியா 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக்குண்டையே தடை செய்துவிட்டது. ஹலால் என்று ஒரு பக்கம் தீர்ப்பாகி, மறு பக்கம் கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் தீங்கு தருமானால் அதைப் பள்ளிவாசலின் சமையலில் எப்படி ஏற்றுவது? தனக்கும் தீங்கில்லை, பிறருக்கும் தீங்கில்லை என்ற விதியை முதல் ஆண்டிலேயே மனனம் செய்ய வைக்கிறோம்.

நிர்வாகத்தாரிடம் நான் சொன்னது இதுதான். குண்டு சென்ற வழியைச் சுற்றி ஒரு சாண் அளவு இறைச்சி முழுவதையும் வெட்டி எறிய வேண்டும். அரைத்த இறைச்சி வேண்டாம். பின்தொடை போன்ற முழுத்துண்டுகள் மட்டும். பொதுச் சட்டியில் கலக்காமல் தனிச் சட்டியில் சமைத்து, மான் என்றும் துப்பாக்கியால் வேட்டையாடியது என்றும் எழுதி வைக்க வேண்டும். ஹனஃபிச் சகோதரர்கள் தங்கள் இமாம்களின் சொல்படி விலகியிருந்தால் யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது. ஷாஃபிஈகளில் தயங்குவோரும் அவ்வாறே. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பரிமாற வேண்டாம். முதியவரிடம் மேலும் இரண்டைக் கேட்டுக் கொண்டேன். விசையை அழுத்தும்போது பிஸ்மில்லாஹ் சொல்வதோடு, மானை அடையும்போது உயிர் நிலைத்திருந்தால் உடனே அறுத்துவிட வேண்டும். அப்போது எந்த மத்ஹபிலும் பேச்சுக்கு இடமில்லை. நீரில் விழுந்து கிடந்தால் விட்டுவிட வேண்டும், நீர் கொன்றதா குண்டு கொன்றதா என்று அறிய முடியாது என்பதால்.

அந்த நோன்பில் தனிச் சட்டி வைக்கப்பட்டது. மொராக்கோச் சகோதரர் மூன்று முறை போட்டுக் கொண்டார். பாகிஸ்தானியச் சகோதரர்கள் முதியவரின் அருகிலேயே அமர்ந்து கோழி உண்டார்கள். அடுத்த பருவத்தில் அவர் செம்பால் ஆன குண்டுகளை விலைக்கு வாங்கிச் சோதித்துக் கொண்டிருந்தார். பள்ளிவாசலுக்குக் கொடுக்கும் மான் மட்டும் செம்பினாலாம். தம் வீட்டுக்கு வழக்கம்போல் தாம் வார்த்த ஈயம். செம்பு ஈயத்தைவிட இலகுவானது, அதே எடைக்கு நீளம் கூடும், ஆகவே கூட்டில் இடம் குறைகிறது என்று அளவுகோலைக் கண்ணருகே பிடித்தபடி முறையிட்டார். அதன் மூக்கும் தட்டைதானா என்று நான் கேட்டேன். ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.